விளக்கு வைத்த பிறகு இறங்குகிறவன்

14 செப்டம்பர் 1982

ஆவணி முடியப் போகிறது. மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் பாறைக்குக் கீழே போய்விட்டது.

உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று பரணில் கிடந்தது. என் வீட்டுக்காரி வள்ளியாத்தாள் எடுத்துத் தூசி தட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது, கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலைத்தான் நீட்டுவேன். ஆனால் எந்த வருஷம் எந்த மாசம் எத்தனை உழவுக்கு மழை பெய்தது, எந்த மாடு எந்தச் சந்தையில் வாங்கியது, கேட்டால் சொல்வேன். அவள் அஞ்சாவது வரை படித்தவள். "எல்லாத்தையும் தலைக்குள்ளயே வெச்சிருந்தா நீங்க போறப்ப அதும் கூடவே போயிருமுங்க. சொல்லுங்க, எழுதறேன்" என்றாள்.

அப்படித்தான் இது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சு அவள் கைக்குப் போனால் கொஞ்சம் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. இருக்கட்டும்.

15 செப்டம்பர்

ஒன்றுமில்லை. வெள்ளாடு குட்டி போட்டது.

3 அக்டோபர்

எங்கள் பையன் சென்னிமலை ஊருக்கு வந்து இருந்துவிட்டு இன்று மண்டபத்துக்குத் திரும்பினான். ஒரே பையன். அங்கே கடல் ஆராய்ச்சி ஆபீசில் வேலை. என்ன வேலை சாமி என்று இவள் போன தடவையும் கேட்டாள், இந்தத் தடவையும் கேட்டாள். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிற வேலை என்றான். இவள் அதை ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறும்போது, வளையல் கடைக்காரியிடமும் சொன்னாள்.

இருந்த நாளெல்லாம் பொழுது விழுந்தபின் அவன் கிணற்று மேட்டுப் பக்கம் போகவில்லை. அண்டாவில் மொண்டுதான் கால் கழுவினான். இவளுக்கு அதில் ஒரு நிறைவு.

19 நவம்பர்

காளியண்ணன் வந்திருந்தான். வள்ளியாத்தாளின் அண்ணன் மகன், லாரி ஓட்டுகிறான். ராமநாதபுரம் பக்கம் உப்பு லோடு ஏற்றப் போனவன் மண்டபம் போய் மச்சானைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, நம்ம சென்னிமலை கில்லாடிங்க. முதுகுல ஒரு சிலிண்டரு, வாயில ரப்பர் டியூப்பு, காலுக்கு வாத்துக் காலாட்டம் ஒண்ணு. பொழுது விழுந்தா கரையிலிருந்து அப்படியே நடந்து கடலுக்குள்ள போயிர்றானுங்க. கையில லைட்டு. அடியில லைட்டு மட்டும் ஊர்ந்துக்கிட்டுப் போவுது. நானும் பீடி பத்தவெச்சுக்கிட்டே நிக்கறேன், ஆளு மேல வரலீங்க. லாரி கிளீனரு பயந்துபோயி சாமி கும்புட ஆரம்பிச்சுட்டான்."

"ராத்திரியிலயா?" என்றாள் இவள். கரண்டி குழம்புச் சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது.

"ராத்திரியில தானுங்கத்தை. பொழுது விழுந்தாத்தான் கடல்ல இருக்கற மீனு, நண்டெல்லாம் பொந்த உட்டு வெளிய வருமாமுங்க. அதைப் பாத்துக் கணக்கு எழுதறதுதான் இவனுக்கு வேலையே. ரசம் இருக்குதுங்களா?"

ரசம் ஊற்றினாள். அவன் லாரி கிளம்பிப் போயிற்று. அப்புறம், "உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றாள். தெரியாது என்றேன். நம்பவில்லை. இப்போது எழுதும்போதும் நம்பவில்லை, பேனா அழுந்துகிற அழுத்தத்தில் தெரிகிறது.

27 நவம்பர்

ஒரு வாரமாக எழுதவில்லை. அவளுக்குக் கோபம்.

எதற்கு இத்தனை கோபம் என்று வேறு யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமில்லையா. துர்முகி வருஷம் ஐப்பசி. விடாத அடைமழை, கிணறு வழிந்து வாய்க்காலோடு சேர்ந்து போகிறது. மூன்று வயிற்றிலேயே கலைந்த பிறகு நாலாவதாகச் சென்னிமலை. பிறந்தான், அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தான். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிறாள், சத்தமில்லை. நான் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து இவள் குரல். எங்கள் கிணற்று மேட்டில் ஏழு கல் நட்டிருக்கிறது, கன்னிமார். விளக்கு வைத்த பிறகு கிணற்றுத் தண்ணீர் அவர்களுடையது, அவர்கள் குளிக்கிற நேரம், மனுஷர் யாரும் இறங்குவதில்லை. அந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறாள்: "என்ற புள்ளைக்கு மூச்சைக் குடுங்க தாயே. பொழுது விழுந்து உங்க தண்ணீல அவன் காலு படாம நான் பாத்துக்கறேன்."

அழுதான்.

அன்றையிலிருந்து அந்த வாக்கை அவள்தான் காத்து வருகிறாள். அவனுக்கு விவரம் தெரிந்தபின் அவனும் காத்தான். சித்திரை நிலாவில் ஊர்ப் பையன்கள் எல்லாம் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் குதித்துக் கும்மாளம் போடும்போது இவன் மேலே துணிக்குக் காவல் உட்கார்ந்திருப்பான்.

கடல் கன்னிமார் தண்ணீரா என்று கேட்டேன். "தண்ணின்னா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றாள்.

15 ஜனவரி 1983

பொங்கலுக்கு வரவில்லை. காளியண்ணன் உளறியது அவனுக்கும் தெரிந்திருக்கும். வந்தால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்.

பட்டியில் பொங்கல் வைத்தோம். மாடு இரண்டுதான் மிச்சம், மற்றதைத் தீனி இல்லாமல் கொடுத்தாயிற்று. இவள் வெறுமனே அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று சொன்னாள்: "சாம்பல் கரைக்கறதுக்குத்தான் நம்மாளுக அந்தக் கடலுக்குப் போறது. தனுஸ்கோடிய ஒரு ராத்திரியில முழுங்கின கடலு. அதுக்குள்ள என்ற பையன் ராத்திரியில எறங்கறான். நீங்க போயிக் கூட்டியாங்க. காடு காஞ்சா காயுது, ஊட்டுல கஞ்சி இருக்குது."

சரி என்றேன். கையில் அடித்துச் சொல்லச் சொன்னாள். அடித்தேன்.

4 பிப்ரவரி

நாளைக்குப் புறப்பாடு. கட்டுச்சோறு, கடலை உருண்டை, ஒரு தாம்புக் கயிறு. கயிறு எதற்கு என்றாள். இருக்கட்டும் என்றேன்.

15 பிப்ரவரி

வந்து சேர்ந்தேன். தனியாக.

வாசலில் நின்று எனக்குப் பின்னால் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து வேறு யாரும் இறங்கி வருகிறார்களா என்று. அப்புறம் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

16 பிப்ரவரி

சாயங்காலம் தானாகவே டைரியோடு வந்து உட்கார்ந்தாள். "போனது வந்தது எழுதணுமில்ல. சொல்லுங்க." முகத்தைப் பார்க்கவில்லை. சரி, நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

ரயிலடிக்கு வந்திருந்தான். இளைத்திருக்கிறான், கறுத்திருக்கிறான். அம்மா கூட்டிவரச் சொன்னாள் என்பதை அவன் அறைக்குப் போய்ச் சேரும் முன்பே சொல்லிவிட்டேன், வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வாரனுங்கப்பா. நீங்க வான்னு சொன்னா வந்தர்றேன். ஆனா ஒருக்காப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க."

அன்றைக்குப் பொழுது இறங்கியதும் கரைக்குப் போனோம். கூட சந்தியாகு என்று அந்த ஊர்க்காரர் ஒருவர், ஆபீசில் படகு பார்த்துக்கொள்கிறவர். சென்னிமலை சிலிண்டரைக் கட்டினான். நான் என் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது, மேலே ஒரு ஆள் அந்தக் கயிற்றை விடாமல் பிடித்திருக்க வேண்டும், இது எங்களுக்குப் பால்குடியிலிருந்து தெரிந்தது. கயிறு இல்லாமல் என் பையனை இறங்க விடுவேனா? அவன் சிரித்தான், ஆனால் கட்டவிட்டான். ஒரு தரம் இழுத்தால் கயிறு விடு. விடாமல் இழுத்தால் தூக்கு. சின்ன வயசில் தூர் வாரும்போது சொல்லிக் கொடுத்ததுதான்.

இறங்கினான். தண்ணீருக்கடியில் வெளிச்சம் போகிறது. என் கையில் கயிறு. கொஞ்ச நேரத்தில் இழுக்கிறது. விடுகிறேன். மறுபடி இழுக்கிறது. மறுபடி, மறுபடி. விடாமல் இழுக்கிறது.

ஐயோ, கூப்பிடறானே, மூச்சு முட்டுதோ என்னமோ —

அள்ளிப் பிடித்து இழுத்தேன். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த கை இது. சந்தியாகு ஓடி வந்து என் தோளைப் பிடிக்கிறார், நான் விடவில்லை. பாறை மேலெல்லாம் உரசி உரசி அவனைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டேன். முழங்கால் தோல் போயிற்று. உள்ளங்கையில் கறுப்பு முள், கடலுக்கடியில் முள்ளு முள்ளாக உருண்டையாக ஒரு உசிர் இருக்கிறது, அதன் மேல் கை ஊன்றியிருக்கிறான்.

அவன் இழுக்கவே இல்லை. அலை இழுத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு இழுக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும், இது தெரியாது.

"ஏ பெரியவரே, கெணத்து வாளியின்னு நெனச்சிப்புட்டீகளா, இந்த இழுப்பு இழுத்துப்புட்டீகளே" என்றார் சந்தியாகு. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் தேய்த்துவிட்டார். சென்னிமலை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முள் பிடுங்கும்போது வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "கெணத்துல மேல நின்னு பாத்துக்கலாமுங்கப்பா. இதுல கூட வந்தாத்தான் ஆவும்" என்றான்.

இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள். "கை வீங்கிச்சா?"

வீங்கிற்று, வடிந்துவிட்டது என்றேன்.

"எந்தக் கை?"

இடது கை.

நாளைக்கு மிச்சம் என்று மூடி வைத்துவிட்டாள்.

17 பிப்ரவரி

விட்ட இடத்திலிருந்து.

கூட வந்தால்தான் ஆகும் என்றானே, சரி வருகிறேன் என்றேன். சந்தியாகு வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். சென்னிமலை யோசித்து, பகலில் பழகுங்கள் பார்க்கலாம் என்றான். மார்பளவு தண்ணீரில் உட்காரவைத்து, வாயில் அந்த ரப்பரைக் கடிக்கக் கொடுத்தான். என் கஷ்டம் என்னவென்றால் மூச்சு. அறுபது வருஷமாகத் தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்கித்தான் பழக்கம். நம் ஊரில் அடக்குகிறவன்தான் முங்கு நீச்சல்காரன். இதில் அடக்கக் கூடாதாம், அடக்கினால் நெஞ்சு வெடிக்குமாம். "உட்டுக்கிட்டே இருங்கப்பா, நிறுத்தாதீங்க, தறி ஓடறாப்பல போயிட்டே இருக்கோணும்" என்று முதுகில் கை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான். தலையைத் தூக்கித் தூக்கி எழுந்துவிடுவேன். மறுபடி உட்கார வைப்பான். இரண்டு மூன்று நாள் இப்படி. கடைசியில் வந்துவிட்டது. தண்ணீருக்குள் நான் உட்கார்ந்து மூச்சு விடுகிறேன்! அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு.

அமாவாசைக்கு முந்தின நாள். கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டி இறங்கினோம். இறங்குமுன் வடமேற்கே திரும்பி நம் ஊர்ப் பக்கம் ஒரு கும்பிடு போட்டேன். அவனும் போட்டான். நான் சொல்லவில்லை, அவனாகப் போட்டான். எப்போதும் போடுவானாம்.

(இதை எழுதிவிட்டு அவள் எழுந்து போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தாள்.)

என் கையை அவன் பிடித்திருந்தான். இரண்டு ஆள் ஆழம்தான். அவன் விளக்கை அடிக்கிற இடம் மட்டும் உலகம், மற்றதெல்லாம் இருட்டு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் புல். கடலுக்கடியில் வயல் மாதிரி புல், அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. அந்தப் புல்லில் ஒன்றை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு குதிரை முகத்தில் ஒரு மீன், சுண்டுவிரல் நீளம். இறால்களின் கண் நெருப்புப் பொறி போல ஜோடி ஜோடியாக. எட்டுக் கால் உள்ள பேய்க்கணவாய் ஒன்று பாறைக்கு மேல் பாறையாகவே இருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிவந்து, வெளுத்து, கால்களை எல்லாம் அள்ளிக்கொண்டு நழுவிவிட்டது. முள் உருண்டைகள் முள்ளாலேயே நடந்து போகின்றன. பகலில் பொந்துக்குள் கிடக்குமாம், ராத்திரிதான் மேய வரும்.

அப்புறம் ஒரு இடுக்கில் விளக்கைத் தாழ்த்திக் காட்டினான். கிளி நிறத்தில் பெரிய மீன். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பை போல ஒன்று, அதன் சளியையே ஊதிப் போர்த்திக்கொண்டு அதற்குள் படுத்திருக்கிறது.

"செத்ததுங்களா?" என்றாள் இவள், எழுதுவதை விட்டுவிட்டு.

தூங்குது புள்ள. தினமும் புதுசாக ஒன்று செய்து போர்த்திக்கொண்டு தூங்குமாம்.

"மீனு தூங்குமா?"

நான் பார்த்தேனே. செவுள் மட்டும் மெல்ல மெல்ல அசைகிறது. உன் பையன் விளக்கை நேராக அடிக்கவில்லை, கையால் மறைத்து விரலிடுக்கில் கொஞ்சம் விட்டுக் காட்டினான். அதைத் தாண்டிப் போகும்போது காலை அசைக்காமல் மிதந்து போனான். தூளியில் குழந்தை தூங்குகிற வீட்டுக்குள் நாம் நடப்போமில்லையா, அப்படி. அங்கே இருக்கிற எதையும் அவன் தொடவில்லை. எதுவும் அவனைப் பார்த்து ஓடவும் இல்லை. பார்க்கிறான், பலகையில் பென்சிலால் குறிக்கிறான், நகர்கிறான். வந்த விருந்தாளி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறான்.

திரும்பும்போது விளக்கை அணைத்தான். எனக்குத் திக்கென்றது. கையைப் பிடித்து ஒரு வீசு வீசினான். கை போன வழியெல்லாம் தண்ணீர் மினுக்கியது, பச்சையும் நீலமுமாக. நானும் வீசினேன். என் கையிலிருந்தும் வந்தது. அவன் வாயிலிருந்து குமிழ் வந்து வந்து மேலே போகிறது, ஒவ்வொரு குமிழும் ஒளி. அவன் மூச்சு விடுவதை நான் கண்ணால் பார்த்தேன் வள்ளியா.

கரையில் சந்தியாகு கட்டன் காப்பி வைத்திருந்தார். பல் கிட்டிக்கொண்டு குடித்தேன். சென்னிமலை துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்: "நான் வரட்டுங்களா, இருக்கட்டுங்களாப்பா?"

வள்ளியா, உன்னிடம் கையடித்துக் கொடுத்தது எனக்கு நினைவு இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. வா என்று நாக்கு வரை வந்தது. "கை ஆறட்டும் சாமி" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

20 பிப்ரவரி

மூன்று நாளாக வேலை விஷயம் தவிர வேறு பேச்சு இல்லை. இன்று வெள்ளாட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே சொன்னாள்.

"நீங்க பாத்தது உங்களோட. வாக்குக் குடுத்தவ நானு. நீங்க மாத்தறதுக்கும் நான் மாத்தறதுக்கும் அதுல ஒண்ணுமில்ல. கன்னிமாருகிட்டயே கேட்டுப்போடலாம். வெள்ளிக்கெழம பூவு போட்டுக் கேக்கலாம். வெள்ளை வந்தா அவன் அங்கயே இருந்துக்கட்டும். செவப்பு வந்தா நானே ரயிலேறிப் போயி இழுத்துட்டு வருவேன். உங்களாட்டம் வெறுங்கையோட வரமாட்டேன்."

ஆகட்டும் என்றேன். கடைசிச் சொல் சுருக்கென்றது. நியாயம்தான்.

24 பிப்ரவரி

தூக்கம் இல்லை. சிவப்பு வந்தால் அவன் வந்துவிடுவான், மறுபேச்சுப் பேச மாட்டான். வந்து இந்தக் காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது எனக்குச் சந்தோஷமா? பையன் கண்ணெதிரில் இருந்தால் எந்த அப்பனுக்குக் கசக்கும். ஆனால்.

எழுதுகிறவள் 'ஆனால்' என்றால் என்ன என்று கேட்கிறாள். தெரியவில்லை, அப்படியே விடு என்றேன்.

25 பிப்ரவரி, வெள்ளி

இன்று நடந்ததைப் பொழுது சாய்ந்தபின் சொல்லி எழுதுகிறது.

விடிகாலையில் இவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு கிணற்று மேட்டுக்குப் போனாள். ஏழு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் வைத்து, பச்சரிசிப் பொங்கல் வைத்தாள். பூசை செய்ய அங்காளம்மாள் வந்திருந்தாள். கன்னிமாருக்கு அவள் வீட்டார்தான் பூசை. பூக்கேட்பது எப்படியென்றால், ஒரே அளவில் இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெளியே தெரியாமல் கட்டி, கல்லுக்கு முன்னால் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பூசைக்காரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். எடுத்ததைப் பிரித்தால் வந்த நிறம் சாமி சொன்ன சொல். எடுக்காததைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

பொட்டலம் கட்டுவதும் பூசைக்காரி வேலைதான். "நீங்க பொங்கலப் பாருங்கக்கா, நான் கட்டறேன்" என்று வள்ளியாத்தாள் பூக்கூடையோடு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். அங்காளம்மாளுக்கு முழங்கால் வலி, சரி என்று விட்டுவிட்டாள்.

கொண்டுவந்து வைத்தாள். கை கூப்பினாள். கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அங்காளம்மாள் எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை.

"கன்னிமாரு உத்தரவு குடுத்தாச்சு வள்ளியா, பையன் எந்தத் தண்ணீல எறங்கினாலும் அவங்க பொறுப்பு" என்றாள் அங்காளம்மாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவள் அழவில்லை, சிரிக்கவில்லை. மற்றப் பொட்டலத்தை அங்காளம்மாள் கைக்குப் போகுமுன் சட்டென்று எடுத்து, தானே கிணற்றில் எறிந்தாள். பொங்கலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

நான் சுற்றுச்சுவரில் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் அடியில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் கிடக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழுந்ததில் பாறையில் பட்டு நார் அவிழ்ந்திருக்கிறது. இலை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். பூக்கள் மெல்லப் பிரிந்து பிரிந்து தண்ணீர் மேல் பரவின. வெயில் ஏறியிருந்தது, நேராக உள்ளே விழுந்தது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அதுவும் வெள்ளைதான்.

இதுவரை சொல்லிவிட்டு நிறுத்தினேன். இவள் எழுதிக்கொண்டே வந்தவள், இந்த வரியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். மை ஊதி ஆற்றினாள்.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா, மூடிரட்டுமா?" என்றாள்.

வேறொன்றும் இல்லை என்றேன்.